பழுப்புக் கட்டை மேல் போட்ட பழி

கோபாலகிருஷ்ணனின் வலது கை ஆடத் தொடங்கியது முதலில் தெரிந்தது அவருடைய யூனிஃபார்ம் சட்டையின் பொத்தானுக்குத்தான். துளை இங்கே இருக்கிறது, பொத்தான் இங்கே இருக்கிறது, நடுவில் கட்டைவிரல் தன்பாட்டுக்குத் தாளம் போடுகிறது. மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? டாக்டரிடம் போனாரா? அதுதான் இல்லை. பொத்தானைக் கழற்றாமலே சட்டையைத் தலை வழியாக மாட்டவும் உரிக்கவும் பழகிக்கொண்டார். பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடும் என்பது அவர் கணக்கு.

அவர் நெய்வேலிச் சுரங்கத்தில் பக்கெட் வீல் மிஷின் ஆபரேட்டர். கோயில் கோபுரம் உயரத்தில் ஒரு இரும்பு. அதன் நீண்ட கையின் நுனியில் ராட்சச சக்கரம். சக்கரத்தைச் சுற்றிலும் பல் வைத்த வாளிகள். அது சுழன்று மண்ணை அள்ளி பெல்ட்டில் கொட்டும். மண்ணெல்லாம் போன பிறகு அடியில் நிலக்கரி தெரியும். அந்தக் கையை ஏற்றுவதும் இறக்குவதும் கேபினுக்குள் இருக்கிற கோபாலகிருஷ்ணனின் உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு லிவர். மேலே உள்ளங்கை அசைந்தால் கீழே ஒரு வீட்டளவு இரும்பு அசையும். கை ஆடுவது வேறு யாருக்காவது வந்திருந்தால் அது வியாதி. இவருக்கு வந்ததால் அது ஆபத்து.

விருதுநகர்ப் பக்கத்து ஆள். அப்ரெண்டிஸாக வந்து, பர்மனென்ட் ஆகி, கரூர்ப் பெண் அகிலாவைக் கட்டி, குவார்ட்டர்ஸ் வாங்கி, ஒரே மகள் இளவேனிலைப் படிக்க வைத்து டொரண்டோவுக்கு அனுப்பி, எல்லோரையும் போலத்தான் வாழ்ந்தார். ஒரே ஒரு கிறுக்கு மட்டும் அவருக்கு உண்டு. ஷிஃப்ட் முடிந்து வந்து குளித்துவிட்டு, சாப்பாட்டு மேஜையில் நகத்தளவு பிளாஸ்டிக் கட்டைகளைக் கொட்டி, ஒன்றன்மேல் ஒன்றைப் பொருத்தி, சினிமாவில் வருகிற விண்வெளிக் கப்பல்களைக் கட்டுவார். கட்டியதை ஷோகேஸில் வைப்பார். எங்கிருந்தோ பறந்து வந்து படிகிற சாம்பல் தூசியைப் பழைய பல்துலக்கியால் தட்டுவார். அகிலாவை மட்டும் தொட விடமாட்டார். "அதுக்கு ஒரு கை பக்குவம் வேணும்" என்பார். அந்தக் கைதான் இப்போது ஆடுகிறது.

அந்தக் கிறுக்கு எப்படிப் பிடித்தது என்று சொல்ல வேண்டும். தொண்ணூறுகளின் கடைசியில் புது மிஷின் ஒன்றைப் பூட்டி நிறுத்திக் கொடுக்க ஜெர்மன்காரர் ஒருவர் வந்திருந்தார். கெஸ்ட் ஹவுஸ் காரம் ஒத்துக்கொள்ளாமல் வயிறு கெட்டுப் படுத்துவிட்டார். அகிலா வைத்த மிளகு போடாத ரசத்தையும் குழைந்த சோற்றையும் கோபாலகிருஷ்ணன் தினமும் தூக்குவாளியில் கொண்டுபோய்க் கொடுத்து மனுஷனை எழுப்பி உட்கார வைத்தார். ஊருக்குக் கிளம்பும்போது அவர் ஒரு சின்ன அட்டைப் பெட்டியை நீட்டினார். தன் பையனுக்கு வாங்கியதாம். பையன் இதற்கெல்லாம் வளர்ந்துவிட்டானாம். உன் மகளுக்கு வைத்துக்கொள் என்றார். இளவேனில் அப்போது தரையில் கிடைத்ததையெல்லாம் வாயில் போடுகிற வயசு. பெட்டியை மேலே தூக்கி வைக்காமல் அப்பா உட்கார்ந்து பிரித்தார். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது.

அதில் ஒற்றை ஆள் போகிற விண்கப்பல் ஒன்று. ஓட்ட ஒரு பைலட் பொம்மை. கீழே நின்று கப்பலைப் பழுது பார்க்க ஒரு மெக்கானிக் பொம்மை. பைலட் பிடிக்க நெல்மணி அளவில் ஒரு லிவர். "பாத்தியா, என்னை மாதிரியே" என்று அன்றைக்கு அகிலாவைக் கூப்பிட்டுக் காட்டினார். பைலட்டைக் கப்பலில் ஏற்றி ஷோகேஸில் வைத்தார். மெக்கானிக் பொம்மைக்கு இடம் போதவில்லை. அது பெட்டியிலேயே கிடந்தது.

வீட்டுக்கு யார் வந்தாலும் டீ வருவதற்குள் கட்டைகளின் வரலாறு தொடங்கிவிடும். "ஆரம்பிச்சுட்டாரா" என்று அகிலா அடுக்களையிலிருந்து சிரிப்பாள். இவர் கேட்கமாட்டார். அந்த வெளிநாட்டுக் கம்பெனி அதுவரை எந்தச் சினிமாவுக்கும் கட்டை செய்ததில்லையாம். சண்டைச் சாமானே பிள்ளைகள் கையில் கூடாது என்று இருந்தவர்களாம். இந்த ஒரு விண்வெளிப் படத்துக்குத்தான் மனசு மாறினார்களாம். முதலில் வந்த பொம்மைகளுக்கெல்லாம் மூஞ்சி மஞ்சள், நம்ம ஊர்ப் பெண்கள் மஞ்சள் பூசிக் குளித்த மாதிரி. சில வருஷம் கழித்துத்தான் மனுஷத் தோல் நிறம் வந்தது. சாம்பல் நிறக் கட்டையும் பாதியில் மாறியது. முன்னாலே நம்ம அனல்மின் சாம்பல் மாதிரி இருந்தது, பிறகு நீலம் கலந்துவிட்டார்கள். பழசையும் புதுசையும் கலந்து கட்டினால் சட்டையில் ஒட்டுப்போட்ட மாதிரி தெரியும். ஒரே கப்பலைச் சில வருஷத்துக்கு ஒருதரம் இன்னும் பெரிசாக, இன்னும் நுணுக்கமாகத் திரும்ப விடுவார்கள். படம் வருவது நின்றாலும் பெட்டி வருவது நிற்காது. இவ்வளவும் சொல்கிறவர் அந்தப் படத்தை முழுசாகப் பார்த்திருக்கிறாரா என்றால், எப்போது போட்டாலும் இடைவேளைக்கு முன்பே குறட்டை.

கட்டியதிலேயே அவருக்கு உயிர் ஒரு பழுப்பு வண்டி. படத்தில் பாலைவன மணலில் ஊர்ந்து போகுமாம். அடியில் சங்கிலிப் பட்டை, மேலே வீடு மாதிரி உடம்பு. "இது நம்ம மிஷினோட ஒண்ணுவிட்ட தம்பி" என்பார். அதைத் தூசி போகக் கழற்றிக் கழுவித் திரும்பப் பூட்டுகிறபோதுதான் விவகாரம் வெளியே வந்தது. ஒரு பழுப்புக் கட்டையை வைத்து அழுத்தினார். விரல் வழுக்கிக் கோணலாக இறங்கியது. டப்பென்று கட்டை இரண்டாகப் பிளந்தது. இன்னொன்று. அதுவும் பிளந்தது. அவர் கையைத் தூக்கிப் பார்த்தார். காற்றில் நின்றபடி கட்டைவிரல் ஆடிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மகளிடம் வீடியோவில் பேசும்போது பேச்சுவாக்கில் சொல்லிவைத்தார்.

"அப்பா, அது அந்த வருஷத்து பிரவுன்பா" என்றாள் இளவேனில். "அந்தக் கலர் மட்டும் சீக்கிரம் இறுகிப்போய்ப் பொட்டுப் பொட்டுன்னு உடையும். எல்லாருக்கும் அப்படித்தான் உடையுதாம். நீங்க ஒண்ணும் பண்ணல."

அப்பாடா! அந்த ஒரு வார்த்தை போதுமே அவருக்கு. அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் இரண்டு தோசை கூடுதலாக இறங்கியது. கை அல்ல, கட்டை. மனுஷன் மேல் குற்றமில்லை, வருஷத்தின் மேல் குற்றம். உடைந்த துண்டுகளை அகிலாவிடம் காட்டி, "பாத்தியா, கம்பெனிக்காரன் செஞ்ச வேலைய" என்றார். அகிலா துண்டைப் பார்க்கவில்லை. அவர் கையைப் பார்த்தாள். தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

ஒரு வாரம் பழுப்பு மேல் பழியைப் போட்டு நிம்மதியாக இருந்தார். பிறகு சாம்பல் நிறக் கட்டையும் கையிலிருந்து விழுந்தது. வெள்ளை விழுந்தது. கறுப்பு விழுந்து பீரோவுக்கு அடியில் ஓடியது. அதற்கெல்லாம் மகள் ஒரு காரணமும் சொல்லியிருக்கவில்லை.

அவர் எதற்கு இப்படிப் பயந்தார் என்று கேட்பீர்கள். அவருடைய அப்பாவுக்கும் இதே கைதான். ஊரில் அப்பா கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் பக்கத்து இலைக்காரர் நகர்ந்து உட்காருவார், சாம்பார் தெறிக்கும். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குனிந்து உறிஞ்சுவார். "பெரியவர் மிருதங்கம் வாசிக்கிறாரு" என்று ஒருத்தன் சொல்லப் பந்தியே சிரித்தது. அந்தச் சிரிப்பில், பிள்ளையாக இருந்த கோபாலகிருஷ்ணனும் சேர்ந்து சிரித்துவிட்டார். அப்பா அதற்குப் பிறகு எந்த விசேஷத்துக்கும் போகவில்லை. இப்போது தன் கையைப் பார்க்கும்போதெல்லாம் அந்த இலை, அந்தச் சிரிப்பு.

மிஷினில் எப்படிச் சமாளித்தார்? முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டார். லிவரை விரலால் பிடிக்காமல் உள்ளங்கையால் தள்ளினார். மண் அள்ளும்போது பிரச்சினை இல்லை. அங்கே மலையையே தின்கிற மிஷினுக்கு ஒரு முழம் இப்படி அப்படி இருந்தால் யார் கேட்கப் போகிறார்கள். நின்று, இறக்கி, மெல்ல வைக்க வேண்டிய நேரங்களில்தான் முதுகில் வியர்வை ஓடும்.

அப்படி ஒரு நேரத்தில்தான் அது நடந்தது. மழை பெய்து ஓய்ந்த காலை. மிஷினின் சங்கிலிப் பட்டையில் களிமண் அப்பிக்கிடந்தது. அதைச் சுரண்டித் தள்ளுகிற வேலை கொளஞ்சியப்பனுக்கு. கம்மாபுரத்துப் பக்கம் ஊர். கான்ட்ராக்ட் ஆள். கோபாலகிருஷ்ணன் ஷிஃப்டிலேயே பல வருஷமாகக் கீழே வேலை. வாயெல்லாம் பல்லாகச் சிரிப்பான். "எங்க அண்ணன் மேல இருந்தார்னா நான் கண்ண மூடிக்கினு கீழ வேலை செய்வேன்" என்று டீக்கடையில் எல்லோரிடமும் சொல்லுவான். அதைக் கேட்டால் கோபாலகிருஷ்ணனுக்கு ஒரு சுற்று உடம்பு பெருக்கும்.

அன்றைக்குச் சக்கரம் நின்றிருந்தது. மிஷினின் கையை லேசாக ஏற்ற வேண்டும். லிவரைப் பிடித்தார். விரல் துள்ளியது. ஏற வேண்டிய இரும்பு ஒரு குலுக்கோடு இறங்கி, எதிரே இருந்த மண்சுவரில் இடித்தது. பெரிய களிமண் பாளம் ஒன்று பெயர்ந்து, கொளஞ்சியப்பனுக்கு ஓரடி தள்ளி விழுந்தது. கீழே கொளஞ்சியப்பன் சேற்றிலிருந்து எழுந்தான். தலையைத் தூக்கிக் கேபினைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்த மாதிரி இவருக்குத் தோன்றியது. பிறகு கையைத் தூக்கி, ஒன்றுமில்லை என்று ஆட்டினான்.

டீ நேரத்தில் அவனே வந்தான். "மழைக்கு மண்ணு இளகிக்கினு இருக்குதுங்கண்ணே. தானா சரியுது."

"ஆமாடா கொளஞ்சி. பாத்து நில்லு" என்றார் இவர். டீ டம்ளரைக் கையில் வாங்கவில்லை. மேஜையில் வைக்கச் சொன்னார்.

பழுப்புக் கட்டைக்கு அந்த வருஷம் காரணம் ஆனது. விழுந்த மண்ணுக்கு மழை காரணம் ஆனது. ஆனால் இந்தத் தடவை தோசை இறங்கவில்லை. தட்டைத் தள்ளிவிட்டு உட்கார்ந்திருந்தவரின் எதிரே அகிலா நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"எத்தனை நாளைக்குங்க இப்படி? சட்டையைத் தலை வழியா மாட்டுறப்பவே எனக்குத் தெரியும். நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"போனா மிஷின்லேர்ந்து இறக்கிடுவாங்க அகிலா. ஸ்டோர்ல உக்காத்தி வச்சு நட்டு எண்ணச் சொல்லுவாங்க."

"எண்ணுங்க. யாரு வேண்டாம்னா?"

"எங்கப்பாவைப் பாத்துச் சிரிச்ச மாதிரி என்னையும் பாத்துச் சிரிப்பாங்க."

"உங்க கைக்குக் கீழ ஆள் நிக்குதுங்க!" என்றாள் அகிலா. அவள் குரல் அவ்வளவு உயர்ந்து அந்த வீடு கேட்டதில்லை. "சிரிக்கிறதைப் பத்தியே பேசுறீங்களே."

ஆயுத பூஜை முடியட்டும், அடுத்த வாரமே போகிறேன் என்று அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். பூஜை ஏன் முடிய வேண்டும் என்பதை மட்டும் சொல்லவில்லை. சொன்னால் அவள் அன்றைக்கு வீட்டு வாசலைத் தாண்ட விட்டிருக்கமாட்டாள்.

ஏனென்றால் அந்த மிஷின் ஆட்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. எந்த ரூலிலும் கிடையாது. மேலே தெரிந்தால் அத்தனை பேர் சீட்டும் கிழியும். ஆயுத பூஜையன்று ஆபீசர்கள் வந்து சூடம் காட்டி, பொரி வாங்கிக்கொண்டு ஜீப் ஏறிப் போன பிறகு, மூத்த ஆபரேட்டர் கேபினில் ஏறுவார். ஒருத்தன் கீழே தட்டில் எலுமிச்சம்பழம் ஏந்தி நிற்பான். நின்ற சக்கரத்தை மெதுவாக இறக்கி, குங்குமம் வைத்த வாளிப் பல்லால் பழத்தைத் தொட வேண்டும். பழத்தில் குங்குமம் ஒட்ட வேண்டும்; பழம் நசுங்கக் கூடாது. அந்தப் பழத்தை வருஷம் முழுக்க கேபினில் கட்டித் தொங்கவிடுவார்கள். கட்டியிருந்தால் மிஷின் ஆளைக் கொல்லாது என்று நம்பிக்கை. ஆளைக் கொல்லாமலிருக்க ஆளையே இரும்புக்கு அடியில் நிறுத்துகிற புத்திசாலிகளை என்னவென்று சொல்ல! பல வருஷமாக மேலே கோபாலகிருஷ்ணன், கீழே கொளஞ்சியப்பன். ஒரு பழம்கூட நசுங்கியதில்லை. சுரங்கத்தில் அவருக்கு இருந்த பேரே அந்தப் பழத்தில்தான் இருந்தது.

பூஜைக்கு முந்தின மத்தியானம் ஷோகேஸைத் திறந்து, ஜெர்மன்காரர் கொடுத்த அந்த முதல் கப்பலை எடுத்தார். முழுசாகப் பிரித்துப்போட்டார். மனசுக்குள் ஒரு பந்தயம் கட்டிக்கொண்டார்: பைலட்டின் லிவரைக் கை நடுங்காமல் மாட்டிவிட்டால் நாளைக்கு ஏறுவது, மாட்ட முடியாவிட்டால் உடம்பு சரியில்லை என்று லீவு போட்டுவிடுவது. கப்பலைக் கட்டி முடிக்கவே சாயந்திரம் ஆகிவிட்டது. லிவர் கடைசி. நெல்மணி அளவு. எடுத்தார், விழுந்தது. எடுத்தார், விழுந்தது. பிறகு முழங்கையை மேஜையில் அழுத்தி ஊன்றி, இடது கையால் வலது மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு குத்தினார். க்ளிக் என்று உட்கார்ந்தது.

"ஏறிருச்சு!" என்று கத்தினார், வீட்டில் யாரும் இல்லை என்பதையும் மறந்து. கேபினில் முழங்கை ஊன்ற மேஜை கிடையாது என்பது அவருக்குத் தெரியாதா? தெரியும். பயந்தவனுக்குத் தன்னையே ஏமாற்றிக்கொள்வதைவிடச் சுலபமான காரியம் வேறில்லை.

மறுநாள் மிஷினுக்கு வாழை மரமும் மாவிலையும் கட்டியிருந்தார்கள். ஒவ்வொரு வாளிக்கும் சந்தனம், குங்குமம். பூசணிக்காய் உடைந்து சிவப்பாகச் சிதறிக் கிடந்ததைப் பார்க்க இவருக்கு ஒப்பவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆபீசர்கள் போனார்கள். ஃபோர்மேன் செங்குட்டுவன் கையைத் தட்டினார்.

"கோபால், ஏறுங்க. வெயில் ஏறுறதுக்குள்ள முடிச்சிருவோம். ஏய் கொளஞ்சி, தட்டு எங்க?"

கொளஞ்சியப்பன் தட்டோடு வந்து தன் இடத்தில் நின்றான். எல்லா வருஷமும் அந்த நேரத்தில் மேலே பார்த்து ஏதாவது கேலி பேசுவான். "அண்ணே, என் மொட்டைய பழம்னு நெனச்சிடாதீங்க" என்பான். இந்த வருஷம் பேசவில்லை. சுற்றி நின்றவர்கள் விசில் அடித்த சத்தத்தில் அது யாருக்கும் உறைக்கவில்லை.

கோபாலகிருஷ்ணன் லிவரைப் பிடித்தார். சக்கரம் இறங்கத் தொடங்கியது. ஒரு ஆள் உயரம் இருக்கும்வரை எல்லாம் சரியாகத்தான் போனது. அதற்குப் பிறகு உள்ளங்கை போதாது. விரலால் பிடித்துப் பிடித்து விட வேண்டும். விரலுக்கு மாறினார். விரல் துள்ளியது. இரும்பு நடுங்கி நின்றது. வாளிப் பல் பழத்துக்கு மேலே ஒரு சாண் தூரத்தில் அசைந்தது. இன்னும் ஒரு சாண். விரல் இன்னொரு தரம் துள்ளினால் பழத்தோடு தட்டு, தட்டோடு கை, கையோடு கொளஞ்சி. முருகா, முருகா என்றார். கண்ணாடி வழியே குனிந்து பார்த்தார்.

தட்டு ஆடிக்கொண்டிருந்தது. தட்டில் பழம் இங்கும் அங்கும் உருண்டது. கொளஞ்சியப்பன் கண்ணை இறுக மூடியிருந்தான். உதடு மட்டும் முணுமுணுத்துக்கொண்டிருந்தது. கழுத்து நரம்பு கயிறாகப் புடைத்திருந்தது. நம்பி நிற்கிறவன் முகம் அது இல்லை. சாகப் போகிறோம் என்று தெரிந்து நிற்கிறவன் முகம்.

இவனுக்குத் தெரியும். மண் சரிந்த அன்றைக்கே தெரியும்.

கோபாலகிருஷ்ணன் இரண்டு கையாலும் லிவரைக் கட்டிப் பிடித்தார். அணு அணுவாகச் சக்கரத்தை மேலே ஏற்றினார். அவ்வளவு பயந்து அவர் எந்த வேலையும் செய்ததில்லை. ஏறியதும் மிஷினை அணைத்தார். படி இறங்கி வந்தார்.

"என்ன கோபால், மிஷின்ல என்ன கோளாறு?" என்றார் செங்குட்டுவன்.

"மிஷின்ல ஒண்ணுமில்ல. என் கைதான்." எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வலது கையை நீட்டினார். அது ஆடியது. "கொஞ்ச நாளாவே ஆடுது. மறைச்சுட்டேன். இனிமே நான் ஏறமாட்டேன். இந்தப் பழம் தொடுறதையும் விட்டுருங்க. யாரும் செய்யாதீங்க."

யாரும் சிரிக்கவில்லை. அவர் எதிர்பார்த்துப் பயந்திருந்த அந்தச் சிரிப்பு வரவே இல்லை. செங்குட்டுவன், "நாளைக்கே மெடிக்கலுக்கு எழுதித் தர்றேன்" என்று மட்டும் சொன்னார். பொரிப் பொட்டலங்களை எடுத்துக்கொண்டு ஆட்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள்.

கொளஞ்சியப்பன் ஒரு தகர டின் மேல் உட்கார்ந்திருந்தான். தட்டு இன்னும் அவன் கையிலேயே இருந்தது. கோபாலகிருஷ்ணன் பக்கத்தில் போய் நின்றார்.

"அன்னிக்கு மண்ணு தானா சரியலதான கொளஞ்சி?"

"இல்லைங்கண்ணே. வீலு எறங்குச்சி. பாத்தேன்."

"அப்புறம் எதுக்குடா இன்னைக்கு வந்து நின்ன? முடியாதுன்னு சொல்லியிருக்கலாம்ல?"

கொளஞ்சியப்பன் தட்டைக் கீழே வைத்தான். "இன்னாத்துக்கு முடியாதுன்னு கேப்பாங்களே. பர்மனென்ட் ஆளு கை ஆடுதுன்னு கான்ட்ராக்ட் ஆளு சொன்னா, மறுநாளு என்னைய கேட்டுக்குள்ள வுடுவாங்களா? கண்ண மூடிக்கினு வேலை செய்வேன்னு ஊரு பூரா சொல்லிக்கினு திரிஞ்சவன்தான நானு. அதெல்லாம் உங்க காதுல வுழணும்னு சொன்னதுங்கண்ணே. அப்பதான உங்க ஷிப்டுலயே வெச்சிக்குவீங்க."

கொளஞ்சியப்பன் தட்டிலிருந்த பழத்தை விரலால் ஒதுக்கினான்.

"காலைல வூட்டுல எம் பொண்டாட்டி பொற்கொடிகிட்ட மட்டும் சொல்லிக்கினு வந்தேன்."

"என்ன சொன்ன?"

"மத்தியானத்துக்குள்ள வரலன்னா, புள்ளைங்கள பக்கத்து வூட்டுல வுட்டுட்டு கேட்டாண்ட வந்து நில்லுன்னு சொன்னேன்." எழுந்தான். கால் இன்னும் நிலையாக நிற்கவில்லை. "நேரமாச்சிங்க. பாவம், நின்னுக்கினு இருக்கப் போவுது." பழத்தை எடுத்துக்கொள்ளாமல் போய்விட்டான்.

வீட்டுக்கு வந்ததும் கோபாலகிருஷ்ணன் அகிலாவிடம் ஒன்று விடாமல் சொன்னார். பழம் தொடுகிற வழக்கத்தையும் சொன்னார். அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள். திட்டுவாள் என்று காத்திருந்தார், திட்டவில்லை. "அந்தப் பொண்ணு சுரங்கத்து கேட் பக்கம் வந்து நின்னுச்சோ என்னமோ" என்று மட்டும் கேட்டாள். அவருக்கு அது தெரியாது. வரும்போது அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கத் தைரியமில்லாமல் வந்திருந்தார்.

மேஜையில் முதல் கப்பல் அப்படியே இருந்தது. அதன் பழைய பெட்டியை எடுத்துத் துழாவினார். அடியில் அந்த மெக்கானிக் பொம்மை கிடந்தது, இத்தனை வருஷத்தில் தூசிகூடப் படாமல், மஞ்சள் மூஞ்சியோடு. எடுக்கப் பார்த்தார். விரலில் நிற்கவில்லை. அகிலாவிடம் பெட்டியை நகர்த்தினார்.

"நீ எடு."

அவள் தயங்கினாள். அந்தக் கட்டைகளை அவள் தொடுவது அதுதான் முதல் தடவை. இரண்டு விரலால் பொம்மையை எடுத்துத் துடைத்தாள். கப்பலுக்கு அடியில் கொண்டுபோய், "இங்கயா வைக்கணும்?" என்றாள்.

"வேண்டாம்" என்றார். "அடியில வேண்டாம். தள்ளி நிறுத்து. இன்னும் கொஞ்சம் தள்ளி."